வெற்று மாதிரிக்கு இரத்தம் கொடுத்தவர்

அந்த அம்மையாரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவருடைய குடும்பம் நாசரேத்துப் பக்கம் மதிப்போடு வாழ்கிற குடும்பம். எனக்கும் தூத்துக்குடியில் ஒரு பெயர் உண்டு. ஆனால் அவரைப் பற்றி யாரும் எழுதாமல் விட்டால், எங்கள் திருச்சபையில் சிலர் இன்றும் சொல்லித் திரிகிற "கிறுக்கு" என்ற ஒரே சொல் அவருடைய வரலாறாக நின்றுவிடும். அதை நான் விரும்பவில்லை. நடந்தவற்றை என் கண்ணால் கண்டவன் என்ற முறையில், ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

துறைமுகச் சாலையில் இருந்த ஒரு தனியார் ஆய்வுக்கூடத்துக்கு நான் இயக்குநராக இருந்தேன். வெளிநாட்டுக்குப் போகும் இறாலிலும் கணவாய் மீனிலும் தடைசெய்யப்பட்ட மருந்துகள் ஏதேனும் தங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சான்று தருவது எங்கள் வேலை. அதற்கென்று எங்களிடம் இருந்தது எல்.சி.எம்.எஸ். என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் இயந்திரம். அரைத்துக் கரைத்து வடித்த மாதிரியை மெல்லிய குழாய் ஒன்றின் வழியே அதிக அழுத்தத்தில் தள்ளினால், அதிலுள்ள பொருட்கள் ஒவ்வொன்றும் தனக்குரிய நேரத்தில் பிரிந்து வெளியேறும். வெளியேறியதை மின்னேற்றி அதன் நிறையைப் பார்ப்பது அடுத்த பகுதி. திரையில் கோடு படுத்துக் கிடந்தால் பொருள் இல்லை. எழுந்து நின்றால் உண்டு. உப்பளம் நிறைய நன்னீரை நிரப்பி அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டாலும் கண்டுபிடித்துவிடும் என்று வருகிறவர்களிடம் நான் பெருமையாகச் சொல்வது வழக்கம்.

அந்த இயந்திர அறைக்குப் பொறுப்பாக ஒருவர் வேண்டும் என்று விளம்பரம் செய்தபோது வந்தவர்தான் இவர். நாற்பதை நெருங்கும் வயது. பூவில்லை, வளையல் இல்லை, முகத்தில் பவுடர் இல்லை. நேர்காணலில் எங்கள் இயந்திரத்தின் மேன்மையை நான் விவரித்துக்கொண்டிருந்தபோது இடைமறித்து, "சார், வெற்று எப்படி வருது?" என்று கேட்டார்.

தேடும் பொருள் எதுவும் கலக்காத மாதிரிக்கு எங்கள் தொழிலில் வெற்று மாதிரி என்று பெயர். வெறும் நீராகவும் இருக்கலாம், மருந்தே படாத இறாலாகவும் இருக்கலாம். அதை ஓட்டும்போது கோடு எழுந்தால், அந்த அழுக்கு, மாதிரி கொண்டுவந்தவனுடையது அல்ல, நம்முடையது.

"சுத்தமாக வருகிறது" என்றேன்.

"நீங்க பாத்தீங்களா, சொன்னாங்களா?"

நான் திகைத்துப்போனேன். பாளையங்கோட்டையில் முதுகலை முடித்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் துறையில் இருந்தவனிடம், வேலை கேட்டு வந்தவர் கேட்கிற கேள்வியா இது? அன்றைக்கே வேலைக்கு எடுத்துக்கொண்டேன். ஏன் என்று இன்றைக்கும் எனக்கு விளக்கத் தெரியாது.

"மொதச் சந்தேகம் நம்ம மேலதான் சார் வரணும்" என்பார். அதை ஒரு கொள்கையாகச் சொல்வதில்லை. கை கழுவுவதுபோலச் செய்வார். காலையில் வந்ததும் முதலில் நீர், பிறகு கரைப்பான், பிறகு வெற்று இறால். இவை மூன்றும் படுத்துக் கிடந்தால்தான் அடுத்தவர் சரக்கைத் தொடுவார். மல்லிகைப்பூ வைத்து வந்த பெண்களை வாசலிலேயே நிறுத்தி, பூவைக் கழற்றி ஜன்னல் கம்பியில் தொங்கவிடச் சொல்வார். மாலையில் அவர்கள் வாடிய பூவை எடுத்துச் சூடிக்கொண்டு போவார்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தின் ஜன்னல், தெருவிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பூக்கடைபோல இருக்கும்.

ஏற்றுமதியாளர் ஒருவருடைய இறாலில் குளோராம்பெனிகால் என்ற மருந்து இருப்பதாக ஒருமுறை முடிவு வந்தது. அது இருந்தால் சரக்கு கப்பல் ஏறாது. அவர் வெள்ளை வேட்டியும் சிவந்த கண்ணுமாக நேரே இயந்திர அறைக்குள் நுழைந்துவிட்டார்.

"எங்க அந்த அம்மா? எங்க எறாலுல மருந்து இருக்குன்னு சொன்னது யாரு?"

"நான்தான் அண்ணாச்சி. உக்காருங்க."

"உக்கார வரல. எங்க பண்ணையில அந்த மருந்த வாங்குறதே கெடையாது. ஒங்க மிஷினுக்குத்தான் கிறுக்கு புடிச்சிருக்கு."

"இருக்கலாம். அதான் காலையிலயே எங்க ஆளுக கையெல்லாம் பாத்துட்டேன்."

உண்மை. அன்று காலை எங்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் கையை நீட்டச் சொன்னார். என்னையும்தான். "சார், கண்ணுக்குச் சொட்டு மருந்து, தோலுக்குக் களிம்பு, எதாவது உண்டுமா?" என்று, ஊழியர்கள் முன்னிலையில், இயக்குநரை. நான் கையை நீட்டினேன். அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை.

இப்போது அவர் அண்ணாச்சியின் கண்ணையே பார்த்தார். "கண்ணு செவந்திருக்கே?"

"மெட்ராஸ் ஐ. களிம்பு போடுதேன். அதுக்கென்ன இப்போ?"

"அன்னைக்கி எங்க ஆள் சாம்பிள் எடுக்க வந்தப்போ எறாலை யாரு பொறுக்கிக் கொடுத்தா?"

"வேற யாரு? நான்தான். நல்ல உருப்படியாப் பாத்து, என் கையால ஒவ்வொண்ணா எடுத்துக் கொடுத்தேன். நம்ம சரக்கோட மினுக்கம் தெரியணும்லா?"

"களிம்பு போட்ட கையால."

அண்ணாச்சி தன் சுட்டுவிரலைத் தானே பார்த்தார். "அந்தக் களிம்புல இருக்கிறதும் இதே மருந்துதான் அண்ணாச்சி" என்று இவர் சொன்னபோது அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். கையுறை போட்ட எங்கள் ஆள் அதே சரக்கிலிருந்து மறுபடியும் எடுத்து வந்த இறாலில் கோடு எழவில்லை. போகும்போது அண்ணாச்சி என் காதருகே குனிந்து, "இந்தம்மா வீட்டுல சோறு திங்குமா, இல்ல சோதிச்சுப் பாத்துட்டு மூடி வச்சிருமா?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. அடக்கிக்கொண்டேன்.

ஆய்வுக்கூடத்துக்குள் இந்தக் குணம் சிறப்பு. ஊருக்குள் அப்படி இல்லை. எங்கள் சபையின் அசனப் பண்டிகைக்கு, சாதி பார்க்காமல் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ணும் அந்த விருந்துக்கு, ஆயத்தக் கூட்டம் நடந்தது. அதில் இவர் எழுந்து, சமைக்கும் அண்டாக்களுக்குப் பூசிய ஈயத்தில் காரீயம் கலந்திருக்கிறதா என்று யாராவது பார்த்தார்களா என்று கேட்டார். சபையின் போதகர் ஐயர் உட்பட எல்லோரும் திகைத்தார்கள். "இம்புட்டு வருசமாத் தின்னு யாரும்மா செத்தா?" என்றார் ஒரு பெரியவர். இவர் விடவில்லை. அண்டாவைச் சுரண்டி எடுத்துப் போய்ச் சோதனைக்குக் கொடுத்து, அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோர் முன்னிலையிலும், "பாத்திரம் சுத்தம். சந்தோசமாச் சாப்பிடலாம்" என்று அறிவித்தார். அவருக்கு அதில் வெட்கம் எதுவும் இல்லை. சந்தேகம் தீர்ந்ததில் உண்மையான மகிழ்ச்சி. சபை சிரித்தது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய தாயார் மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார்.

தாயாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிஷன் பள்ளியொன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, கருப்புக் குடை, திருத்தமான பேச்சு. இவரும் தாயாரும் தகப்பனாரும் தூத்துக்குடியில் வாடகை வீட்டில் இருந்தார்கள். தகப்பனார் பின்னர் காலமானார். மகள் திருமணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடமும் மகள் கேள்வி கேட்டிருப்பார் என்று நானே ஊகித்துக்கொண்டேன்.

மகளுக்குக் கடைக் காப்பி ஒத்துக்கொள்ளாது என்று தாயார் தினமும் ஒரு பிளாஸ்கில் காப்பி கொடுத்தனுப்புவார். உலகத்தில் இவர் சோதிக்காமல் வாய்க்குக் கொண்டுபோன பொருள் அது ஒன்றுதான். முற்பகலில் என் அறைக்கு வந்து பாதித் தம்ளர் எனக்கும் ஊற்றிக் கொடுப்பார். வெளியில் எதையும் உண்ணாத நான் அதை மட்டும் மறுத்ததில்லை. நல்ல காப்பி, கொஞ்சம் தூக்கலான இனிப்பு.

அசனக் கூட்டத்துக்குப் பிறகு வந்த இரண்டு ஆண்டுகளில் இவர் மாறினார். உடல் பெருத்தது. நடை தளர்ந்தது. குரல் இறங்கியது. வேலையில் பிசகில்லை, ஆனால் யாரையும் வரிசையில் நிறுத்தவில்லை. ஜன்னல் கம்பியில் பூ தொங்குவது குறைந்தது. வயது ஏற ஏறப் பக்குவம் வந்திருக்கிறது என்று நான் மகிழ்ந்தேன். ஆண்டு மதிப்பீட்டில் அதைப் பாராட்டியும் எழுதினேன். அதே காலத்தில் எனக்கும் ஒரு தொல்லை இருந்தது. மதிய நேரத்தில் கண் இழுத்துக்கொண்டு போகும். நான் உறுப்பினராக இருந்த கல்லூரி நிர்வாகக் குழுவின் கூட்டமொன்றில் மேடையிலேயே உறங்கிப்போய், பக்கத்திலிருந்தவர் முழங்கையால் இடித்து எழுப்பினார். வாழ்க்கையில் எனக்கு நேர்ந்த பெரிய அவமானம் அது என்று அப்போது நினைத்தேன். வெயில்தான் காரணம் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் மருத்துவமனை ஒன்று எங்களை அணுகியது. மனநோய்க்கு மருந்து உண்பவர்களின் இரத்தத்தில் அந்த மருந்துகள் எவ்வளவு இருக்கின்றன என்று அளந்து தர முடியுமா என்று கேட்டார்கள். இறாலிலிருந்து மனிதனுக்கு! எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அது பெரிய ஏற்றம். அதற்கான முறையை உருவாக்கும் பொறுப்பை இவரிடம் கொடுத்தேன்.

அந்த முறைக்கு முதலில் வேண்டியது, எந்த மருந்தும் இல்லாத மனித இரத்தம். அதைச் சுழற்றி மேலே தெளியும் மஞ்சள் நீரை எடுத்தால், அதுதான் வெற்று மாதிரி. இரத்த வங்கியில் வாங்கலாம் என்றேன்.

"கொடுத்தவன் காலையில என்ன மாத்திரை போட்டான்னு வங்கிக்குத் தெரியுமா சார்? என் ரத்தத்த எடுத்துக்கிடலாம். நான் காய்ச்சலுக்குக்கூட மாத்திரை போடுறதில்ல."

எடுத்தார்கள். ஓட்டினார்கள். கோடு எழுந்தது.

மனச்சிதைவு நோய்க்குக் கொடுக்கப்படும் மருந்து ஒன்றின் நேரத்தில், அதே நிறையில், கூம்பாக, ஐயத்துக்கு இடமில்லாமல். நான் பதறினேன். இவர் பதறவில்லை, பழைய துடிப்பு கொஞ்சம் திரும்பியதுபோல இருந்தது. "நம்ம அழுக்குதான் சார். தேடுவோம்" என்றார். நீரை ஓட்டினார்: படுத்துக் கிடந்தது. கரைப்பான்: படுத்துக் கிடந்தது. இரத்தம் பிடித்த குழாயின் வகையிலேயே புதுக்குழாய் எடுத்து நீர் ஊற்றிக் குலுக்கி ஓட்டினார்: ஒன்றுமில்லை. ஊசியைக் கழுவி, பிரிக்கும் குழாயையே மாற்றிவிட்டு, மறுபடியும் தன் இரத்தத்தை ஓட்டினார். எழுந்து நின்றது.

"வேற ஒரு ரத்தம் வேணும் சார். மாத்திரையே தொடாத ஆளு."

நான் சட்டைக் கையை மடித்தேன். சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தம் இல்லை. அறுபதைத் தாண்டியும் ஒரு மாத்திரை அறியாத உடம்பு என்று என் சுற்றத்தில் நான் ஓர் உதாரணம்.

என் இரத்தத்திலும் கோடு எழுந்தது. அவருடையதைவிடச் சிறியது. ஆனாலும் எழுந்தது.

அன்று அண்ணாச்சியின் கண்ணைப் பார்த்தாரே, அதே பார்வையால் இவர் என்னைப் பார்த்தார். "சார்... தப்பா எடுத்துக்கிடாதீங்க. நீங்க யார்கிட்டயாவது வைத்தியம்..."

"என்ன கேட்கிறீர்கள் நீங்கள்?" என் குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது. மனநோயாளிக்குக் கொடுக்கும் மருந்து என் இரத்தத்தில்! எங்கள் கணக்காளரைக் கூப்பிட்டு அவர் இரத்தத்தை எடுத்தோம். பளிங்குபோல் சுத்தம். ஆகவே இயந்திரம் பொய் சொல்லவில்லை. குழாயும் பொய் சொல்லவில்லை.

இவர் மறுபடியும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். பிறகு, அந்த மருந்தைவிடப் பதினாறு அலகு கூடுதலான நிறையைத் தேடும்படி இயந்திரத்துக்கு ஆணையிட்டார். உடம்புக்குள் போன அந்த மருந்தோடு ஈரல் ஓர் ஆக்சிஜனைச் சேர்த்து வேறு பொருளாக்கும். அந்தப் பொருள் அப்போது எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு துளிகூடக் கிடையாது, வாங்கவே இல்லை. எங்கள் புட்டிகளிலிருந்து மருந்து சிந்திக் கலந்திருந்தால் முதல் கூம்பு மட்டும்தான் வர முடியும்.

இரண்டாவது கூம்பும் வந்தது. அவர் இரத்தத்தில். என் இரத்தத்தில்.

"இது பாட்டில்ல இருந்து வரல சார்" என்றார். "ஈரல் வழியா வந்திருக்கு. ரெண்டு பேரும் குடிச்சிருக்கோம்."

அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது என்ன என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் யோசிக்கவில்லை. எழுந்து போய்த் தன் மேசைமீதிருந்த பிளாஸ்கை எடுத்துவந்தார். அதன் மூடியைத் திறப்பதற்கு அவருக்கு இருந்த தயக்கத்தை என்னால் மறக்க முடியாது. இறாலைத் திறப்பதுபோல அன்று அவரால் அதைத் திறக்க முடியவில்லை. இறுதியில் நானே திறந்து கொடுத்தேன். காப்பியில் முதல் கூம்பு மட்டும், மிகப் பெரிதாக, வந்தது. இரண்டாவது இல்லை. காப்பிக்கு ஈரல் கிடையாது.

அன்று பிற்பகல் அவரோடு அவர் வீட்டுக்குப் போனேன். "சாட்சிக்கு வாங்க சார், இல்லன்னா நாளைக்கு நானே நம்ப மாட்டேன்" என்றார். தாயார் வாசலுக்கு வந்து வரவேற்று, நாற்காலி போட்டு, மின்விசிறியைச் சுழலவிட்டார். மகள் பிளாஸ்கை அவர் முன் வைத்தார்.

"அம்மா, இதுல என்ன போடுத?"

தாயார் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "சொட்டு மருந்துதான். நம்ம சொந்தத்துல டாக்டர் தம்பி எழுதிக் கொடுத்தது. ருசி தெரியாது, காப்பியில விட்டுக் கொடுங்க பெரியம்மான்னு சொன்னான். ஏளா, நீ சபையில எந்திரிச்சு நின்னு அண்டாவச் சுரண்டுனியே, அன்னைக்கி ராத்திரி அப்பாவும் நானும் ஒறங்கல. இப்போ பாரு, நல்லாத்தான இருக்க? யாரோடயும் சண்டையில்ல. சார்கூட ஒன்னப் பக்குவமான புள்ளன்னு எழுதியிருக்காங்கன்னு சொன்னியே."

என் பெயர் அங்கே அப்படி வந்து விழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"சாரும் இதக் குடிச்சிருக்காங்க" என்றார் மகள்.

தாயாரின் முகம் அப்போதுதான் மாறியது. எழுந்து நின்றுவிட்டார். "ஐயையோ! சார், நீங்களுமா? தெரியாதே எனக்கு! இவ ஒருவார்த்த சொல்லலியே! ஒங்களக் கேக்காம ஒங்க ஒடம்புக்குள்ள மருந்தப் போட்டுட்டேனே. எவ்வளவு பெரிய பாவம். மன்னிச்சிருங்க சார், மன்னிச்சிருங்க." கைகூப்பினார். கண்ணீரே வந்துவிட்டது.

மகள் அந்தக் கூப்பிய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னக் கேட்டியாம்மா?"

"ஒன்ன எதுக்கு கேக்கணும்? நீ எம் பிள்ள."

பரிகாசமில்லை, கோபமில்லை. இரண்டும் இரண்டும் நான்கு என்று வகுப்பில் சொல்கிற அதே குரல்.

மகள் கத்துவார் என்று நினைத்தேன். அவர் தரையைப் பார்த்தபடி கேட்டார்: "அப்பா அடக்கத்தன்னைக்கி எனக்கு அழுகை வரல. பெட்டிய எறக்கும்போதுகூட வரல. நான் ஒரு கல்லுன்னு நெனச்சு ஒரு வருசமா என்னயே வெறுத்துக்கிட்டு இருக்கேன். அது நானாம்மா? இல்ல மருந்தா?"

தாயார் உள்ளே போய் அந்தச் சிறு புட்டியை எடுத்துவந்து மகளிடம் கொடுத்தார்.

மகள் விதித்த தண்டனை ஒன்றே ஒன்றுதான். "நாளையிலேருந்தும் நீதான் காப்பி போடணும். ஆனா எனக்கு ஊத்துனதுல இருந்து நீயும் எம் முன்னாடி குடிக்கணும்." தாயார் தலையசைத்தார். எனக்கு அது நியாயமாகவும் போதுமானதாகவும் தோன்றியது. என் பங்குக்கு, அந்த ஆய்வுக்கூடத்தில் காப்பி அருந்துவதை நிறுத்திக்கொண்டேன். என் இரத்தத்தின் முடிவை வெளியே யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம், அதில் மறைப்பதற்கு என் குற்றம் எதுவும் இல்லை என்பதே.

அவர் இரத்தத்தில் கோடு இறங்கி, சில வாரங்களில் படுத்துவிட்டது. மருத்துவமனை வேலையைக் கணக்காளரின் இரத்தத்தைக் கொண்டு முடித்தோம். ஒருநாள், கழுவாத குடுவை ஒன்றைத் தூக்கிக் காட்டி எல்லோர் முன்னிலையிலும் என்மேல் எரிந்து விழுந்தார். நான் அதிர்ந்தேன், கோபம் மட்டும் வரவில்லை. ஜன்னல் கம்பியில் மறுபடியும் பூக்கள் தொங்கின.

மழைக்காலம் வந்தபோது பூக்கள் மறுபடியும் குறைந்தன. அதை நான் மழையோடு சேர்த்துப் பார்த்தேன். ஒரு ஞாயிறன்று ஆராதனையில், பிரசங்க நேரத்தில் முதுகைச் சாய்த்து நான் ஒருநாளும் பார்த்திராத அந்தத் தாயார், முன் வரிசையில் தலை தொங்கி உறங்கிக்கொண்டிருந்தார். பாட்டுப் புத்தகம் மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தும் விழிக்கவில்லை. மறுநாள் ஒரு மரியாதைக்காக, "அம்மா மிகவும் தளர்ந்துவிட்டார்கள்போல் இருக்கிறதே" என்று இவரிடம் சொன்னேன்.

இவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். நிதானமாக, வெகு நிதானமாகத் தன் வலக்கையை விளக்குக்கு நேரே பிடித்து விரல்களைப் பார்த்தார். அந்த மருந்து உண்பவர்களுக்கு வரும் நடுக்கம் அவற்றில் இருந்தது.

சர்க்கரை பார்க்க என்று சொல்லித் தாயாரின் இரத்தத்தை எடுத்துவந்தார். தன்னுடையதையும் எடுத்தார். கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டினார். என்னை உள்ளே கூப்பிட்டபோது திரையில் இரண்டு இரத்தங்களின் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. இரண்டிலும் இரண்டு கூம்புகள்.

நான் திரையருகே குனிந்தேன். "அவர்களுமா? தெரிந்தேவா?"

"கேட்டுட்டேன் சார். 'நீ சொன்னபடிதானளா செஞ்சேன், நானும் குடிச்சேன்ல'ங்கறாங்க. நான் மறுபடியும் கத்த ஆரம்பிச்சிட்டேனாம். புதுப் பாட்டில் வாங்கியிருக்காங்க." திரையில் உயரமாக நின்ற கோட்டை விரலால் தொட்டார். "இது அம்மா. ஒரே காப்பிதான், ஒரே அளவுதான். ஆனா என்னவிட அவங்களுக்குக் கூட நிக்குது பாருங்க. வயசாயிட்டுல்லா, சிறுநீரகத்தால வெளியேத்த முடியல. இன்னும் கொஞ்ச நாள் போனா எங்கயாவது விழுந்துருவாங்க."

"நீங்கள் அந்தக் காப்பியைக் குடிக்க மறுத்துவிடலாமே."

"சோத்துல போடுவாங்க சார். அதையும் எங்கூட உக்காந்து சாப்பிடுவாங்க. நான் இங்கன இருக்கிற வரைக்கும் அவங்க குடிப்பாங்க."

ஐதராபாத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை தேடிக்கொண்டார். பரிந்துரை நான்தான் கொடுத்தேன். தாயார் தடுக்கவில்லை. மகளுக்கு மேலான வேலை என்று சபையில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

வழியனுப்ப நானும் ரயில் நிலையத்துக்குப் போயிருந்தேன். சென்னை வண்டி நின்றுகொண்டிருந்தது. வெயில் இன்னும் இறங்கவில்லை. மகள் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்திருந்தார். தாயார் நடைமேடையில் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பையிலிருந்து பிளாஸ்கை எடுத்தார். மூடியில் ஒன்றும் தம்ளரில் ஒன்றுமாகக் காப்பியை ஊற்றினார். தம்ளரை ஜன்னல் கம்பிக்குள் நீட்டினார். மூடியைத் தனக்கு வைத்துக்கொண்டார். மூன்றாவது ஆளுக்குப் பாத்திரம் இல்லாததைக் கவனித்த நான், பேச்சுக்காக, "எனக்கு வேண்டாமா அம்மா?" என்று சிரித்தேன்.

தாயார் சட்டென்று பிளாஸ்கைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நீங்க வேண்டாம் சார்."

நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன். மகள் என்னைத்தான் பார்த்தார், தாயாரைப் பார்க்கவில்லை. எழுந்து வண்டியின் வாசலுக்கு வந்தார். தம்ளர் காப்பியைத் தண்டவாளத்தில் கொட்டினார். தாயாரின் கையிலிருந்த மூடியை, ஒரு குழந்தையிடமிருந்து வாங்குவதுபோல மெதுவாக வாங்கி, அதையும் கொட்டினார். பிளாஸ்கை வாங்கி மூடியைத் திருகி இறுக்கினார். தாயாரின் நெற்றியில் முத்தமிட்டார். வண்டி நகர்ந்தபோது அந்தப் பிளாஸ்க் அவர் கையில்தான் இருந்தது.

தாயார் கையை அசைத்துக்கொண்டே நின்றார். கடைசிப் பெட்டியும் போன பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ரயில்ல அவளுக்கு ஒறக்கம் வராது சார்" என்றார். "அதான்."